சுனாமி என்ற சொல் பிறந்த நாட்டில்

எமது கரையோர ஊர்களில் வெளிநாட்டுப் பயணம் என்றால் ஒரு காலத்தில் அது ஹஜ்ஜுப் பயணம்தான். ஊராரிடம் பிழை பொறுக்கச் சொல்லி, கடன் கொடுக்கல் வாங்கல்களை முடித்து, கப்பலேறிப் போனவர்கள் மாதக்கணக்கில் கழித்தே திரும்பினார்கள். 1970களின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் சவூதிக்கோ கட்டாருக்கோ ஆள் போகாத தெரு அரிது. எனினும் அங்கு போனவரைப் பார்க்கக் குடும்பம் புறப்பட்டுப் போவது பெரும்பாலும் வழக்கத்தில் இருக்கவில்லை. போனவர்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெட்டிகளோடு வந்து இறங்குவார்.

இப்போது மூன்றாவது திசை ஒன்று திறந்திருக்கின்றது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வதியும் இலங்கையரின் தொகை 60,000ஐத் தாண்டிவிட்டது. மொழி படிக்கப் போன மாணவர்கள், பழைய வாகனங்களை வாங்கி ஏற்றுமதி செய்பவர்கள், இரத்தினக்கல் வியாபாரிகள், முதியோர் பராமரிப்பில் இருப்பவர்கள் என்று அவர்களுள் பல வகையினர் உண்டு. குடும்பமாகக் குடியிருக்க வாய்ப்புப் பெற்றவர்களைப் பார்க்க உம்மா வாப்பாவும் உடன்பிறப்புகளும் போய் வருகிறார்கள். உறவைச் சேர்ந்து நடப்பது மார்க்கம் வலியுறுத்தும் கடமை. அதற்காகப் போகிறவர்கள் ஜப்பானியப் பண்பாட்டையும் பார்த்து வர விரும்புவது இயல்பு. புஜி மலை, கியோட்டோவின் கோயில்கள், செர்ரிப் பூக்கள் எல்லாம் திரும்பி வருவோரின் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. இக்கட்டுரை பேச விரும்புவது அந்தப் படங்களில் அகப்படாத ஒரு ஜப்பானைப் பற்றியாகும். அது கிழக்கிலங்கை முஸ்லிம்களாகிய எமக்கு மிக நெருக்கமானது.

எமது பாட்டன் பாட்டிமார் ஜப்பான் என்ற பெயரைக் குண்டோடு சேர்த்தே கேட்டார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு உள்ளாகின. அதே 9ஆம் திகதி ‘ஹேர்மஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஒன்பது வருடங்களின் பின், 1951 செப்டெம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், தோற்ற ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்று ஜே. ஆர். ஜயவர்தன அறிவித்தார். அதற்குப் பின்வந்த தலைமுறைக்கு ஜப்பான் என்பது வேன், மோட்டார் சைக்கிள், தையல் இயந்திரம். இவை எல்லாவற்றுக்கும் பின்னர், 2004 டிசம்பர் 26ஆம் திகதி, எவரும் கேட்காமல் ஒரு ஜப்பானியச் சொல் எமது வீடுகளுக்குள் வந்தது. ‘த்சு’ என்றால் துறைமுகம்; ‘நாமி’ என்றால் அலை. ஆழ்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எதையும் உணராமல் கரை திரும்பியபோது துறைமுகம் அழிந்து கிடக்கக் கண்டதால் இப்பெயர் வந்தது என்று சொல்லப்படுகின்றது.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இருந்ததா? இருந்தது. ‘கடற்கோள்’ என்பது பழந்தமிழ் உலகம் நன்கறிந்த சொல். கடல் கொள்ளுதல், அதாவது கடல் எடுத்துக்கொள்ளுதல். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை சொல்கின்றது. இவ்வளவு துல்லியமான சொல்லை வைத்திருந்த நாம், அது வந்த நாளில் அயல்மொழிச் சொல்லையே கடன் வாங்கினோம். காரணம், சொல் நூலில் இருந்தது. அனுபவம் ஊரின் நினைவில் இருக்கவில்லை.

அனுபவமே இல்லாமலும் இல்லை. 1883 ஓகஸ்ட் 27ஆம் திகதி இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கைக் கரையையும் தொட்டது. காலியில் கடல் உள்வாங்கிப் பின் ஏறியது. அந்த அலையில் எமது நாட்டில் பெண் ஒருவர் உயிரிழந்ததாகப் பதிவு உண்டு. அவர் இறந்த இடம் பாணமை. இன்றைய அம்பாறை மாவட்டத்தின் தெற்குக் கரையில், பொத்துவிலுக்கு அப்பால் உள்ள அதே பாணமை. அச்சாவுக்கும் 2004க்கும் இடையில் 121 வருடங்கள். அதற்குள் அது கதையாகவோ பாட்டாகவோ எமது காதுக்கு வந்து சேரவில்லை.

இந்த மனக்குறையோடுதான் ஜப்பானின் கன்சாய்ப் பகுதியைப் பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன், கோபே நகரில் வசிக்கும் உறவினர் வீட்டுக்கு நாங்கள் குடும்பமாகச் சென்றிருந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றுவதும், தரையில் விரிப்பில் அமர்ந்து உண்பதும் எமது பிள்ளைகளுக்குப் புதுமையாகப் படவில்லை. ஷின்தோ ஆலயத்தின் முற்றத்தில் கை கழுவி வாய் கொப்பளிக்க வைத்திருந்த நீர்த்தொட்டியைப் பார்த்து மகன் “ஹவுழ்” என்றே சொல்லிவிட்டான். கடைகளில் உணவுப் பொதியைத் திருப்பிப் பார்த்து ஹலாலா என்று தேடுவது மட்டும் பெரிய வேலையாக இருந்தது. கோபேயிலிருந்து தெற்கே வகயாமா மாவட்டம் வரைக்கும் நாங்கள் பார்த்த மூன்று இடங்கள் ஒரே சரித்திரத்தின் மூன்று அத்தியாயங்கள் போல அமைந்திருந்தன.

முதலாவது, கோபே பள்ளிவாசல். ஜப்பானின் முதலாவது பள்ளிவாசல் இதுவே. துறைமுக நகரான கோபேயில் தொழில் செய்த இந்திய முஸ்லிம் வணிகர்களும், ரஷ்யப் புரட்சிக்குப் பின் புலம்பெயர்ந்து வந்த தாத்தாரியரும், ஏனைய முஸ்லிம்களும் பணம் சேர்த்து 1935இல் அதைத் திறந்தார்கள். வரைந்து கொடுத்தவர் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் ஸ்வாகர். டோக்கியோவின் பள்ளிவாசல் மூன்று வருடங்கள் கழித்து 1938இல் திறக்கப்பட்டது. உலகம் சுற்றிய தாத்தாரிய அறிஞர் அப்துர்ரஷீத் இப்றாஹீம் அதன் இமாமாக இருந்து 1944இல் அந்நகரிலேயே வபாத்தானார். கோபே பள்ளிவாசலை 1943இல் ஜப்பானியக் கடற்படை எடுத்துக்கொண்டது. 1945இன் விமானக் குண்டுவீச்சில் சுற்றியிருந்த நகரம் எரிந்தபோது இக்கட்டடம் கருகிய சுவரோடு நின்றது. 1995 ஜனவரி 17ஆம் திகதி அதிகாலை 5.46க்கு நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதும் பள்ளிவாசல் நின்றது. வீடிழந்தோருக்குப் புகலிடமாகவும் ஆனது. இன்றும் ஒவ்வொரு ஜனவரி 17ஆம் திகதியும் அதே 5.46க்கு கோபே மக்கள் பூங்காவில் கூடி விளக்கேற்றி நிற்கிறார்கள். விளக்கேற்றுவது எமது வழக்கமன்று. ஆனால் தங்கள் ஊர் அடிபட்ட நிமிடத்தை அவர்கள் தவறவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது இடம், வகயாமா மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள குஷிமொட்டோ. உதுமானியப் பேரரசின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, ஜப்பானியச் சக்கரவர்த்தியிடம் நல்லெண்ணத் தூதாக ‘எர்துக்ருல்’ என்ற போர்க்கப்பலை 1889இல் அனுப்பினார். வழியில் அது பம்பாயிலும் கொழும்பிலும் தரித்தது. எகிப்தின் ஒராபி பாஷா அப்போது இலங்கையில் நாடுகடத்தப்பட்டவராக வாழ்ந்துகொண்டிருந்தார். 1890 ஜூனில் யோகோஹாமாவை அடைந்த கப்பல், திரும்பும் வழியில் செப்டெம்பர் 16ஆம் திகதி இரவு சூறாவளியில் சிக்கி, குஷிமொட்டோவை அடுத்துள்ள ஓஷிமாத் தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. ஐந்நூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். 69 பேர் தப்பினர். ஏழை மீனவக் கிராமத்தவர்கள் பாறையிலிருந்து அவர்களைத் தூக்கி வந்து, பஞ்ச காலத்துக்கென்று சேமித்து வைத்திருந்த உணவையும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். கரையொதுங்கிய ஜனாஸாக்களை அங்கேயே அடக்கினார்கள். தப்பியவர்களை ஜப்பானியப் போர்க்கப்பல்கள் இரண்டு 1891 ஜனவரியில் இஸ்தான்புல்லில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

தொண்ணூற்றைந்து வருடங்களுக்குப் பின், 1985 மார்ச்சில் ஈரான்–ஈராக் யுத்தத்தின்போது தெஹ்ரானில் சிக்கியிருந்த 200க்கும் மேற்பட்ட ஜப்பானியரைத் துருக்கி தன் விமானங்களை அனுப்பி மீட்டது. எர்துக்ருலின் கடன் என்று துருக்கியர் காரணம் சொன்னார்கள். கடலில் நடந்த ஒரு மரணத்தை இரு நாடுகளும் பாடசாலையிலும் கல்லிலும் விழாவிலும் வைத்துக் காத்ததால் மூன்று தலைமுறை கடந்தும் அந்நன்றி உயிரோடு இருந்தது.

மூன்றாவது இடம்தான் எங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தது. அதே வகயாமாவின் மேற்குக் கரையிலுள்ள ஹிரோகவா, பழைய பெயர் ஹிரோ. 1854 டிசம்பர் 24ஆம் திகதி மாலை பெரும் நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. கடல் ஏறி வந்தது. ஹமகுச்சி கொர்யோ என்ற வணிகர், சோயா சாறு தயாரிக்கும் குடும்பத் தொழிலின் தலைவர், அப்போது முப்பதுகளில் இருந்தவர். இருட்டில் வழி தெரியாமல் தடுமாறியவர்களுக்குத் திசை காட்ட வயலில் குவித்திருந்த வைக்கோற் போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஓடியவர்கள் மேட்டிலிருந்த ஆலயத்தை அடைந்து தப்பினார்கள்.

இச்சம்பவத்தை லஃப்காடியோ ஹேர்ன் என்ற எழுத்தாளர் 1897இல் ஆங்கிலத்தில் கதையாக்கினார். அவருடைய கதையில் ஹமகுச்சி மலைமேல் வாழும் ஒரு முதியவர். எரிந்தது முழு அறுவடை. சரித்திரம் அப்படி இல்லை. ஆனால் அந்தக் கதை ‘இனாமுரா நோ ஹி’ (வைக்கோற் போரின் தீ) என்ற பெயரில் 1937 முதல் பத்து வருடங்கள் ஜப்பானியப் பாடநூலில் இருந்து, ஒரு முழுத் தலைமுறைக்கு அலையின் குணத்தைக் கற்பித்தது. எழுத்தாளர்களாகிய நாம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் இலக்கியப் பிரதி உயிர் காக்கும் அறிவாக மாறிய உதாரணங்கள் உலகில் அதிகமில்லை.

ஹமகுச்சியின் பெருமை தீயோடு முடியவில்லை. வீடும் தொழிலும் இழந்தவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பத் தொடங்கியபோது, தன் சொந்தப் பணத்தில் அவர்களுக்குக் கூலி கொடுத்து, 600 மீற்றர் அளவு நீளமும் 5 மீற்றர் உயரமும் கொண்ட மண் அணையைக் கட்டுவித்தார். 1858 வரை வேலை நடந்தது. கடல் பக்கமாகப் பைன் மரங்கள் நடப்பட்டன. 1946இல் மீண்டும் சுனாமி வந்தபோது, அவர் இறந்து அறுபது வருடங்கள் கடந்த நிலையில், கிராமத்தின் பெரும்பகுதியை அந்த அணை காத்தது. 1903 முதல் ஒவ்வொரு வருடமும் நவம்பரில் பாடசாலைப் பிள்ளைகள் ஆளுக்குக் கைப்பிடி மண் கொண்டுவந்து அணையில் போடுகிறார்கள். அந்த மண்ணால் அணை உயர்வதில்லை. மண் போட்ட பிள்ளைக்கு அணை எதற்கு என்பது தெரிந்திருக்கும், அவ்வளவுதான். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக நவம்பர் 5ஐத் தெரிவு செய்ததும் இந்தச் சம்பவத்தின் பழைய நாட்காட்டித் திகதியை வைத்தே.

அங்குள்ள நூதனசாலையிலிருந்து வெளியே வந்தபோது மகள் கேட்டாள்: “வாப்பா, எங்கட ஊருல தண்ணி எதுமட்டும் வந்த?” அவள் 2004க்குப் பின் பிறந்தவள். அவளுடைய உம்மாதான் பதில் சொன்னார்: “எங்கட கிணத்துக்குள்ள உப்புத் தண்ணி வந்த. அதுக்கு அங்கால உள்ள வேலி மட்டும் வந்து நிண்ட. இப்ப அந்தக் கிணறும் இல்ல, வேலியும் இல்ல மகள்.”

அந்தப் பதிலில் எமது கரையின் முழு நிலைமையும் அடங்கியிருக்கின்றது. 2004இல் நாட்டிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாக வீடு கட்டி வாழும் எமது ஊர்களுக்கு ஒதுங்க வேறிடம் இருக்கவில்லை. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் எமது கரையில் அலை ஏறியதற்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்நேரத்தில் எங்களுக்குச் செய்தி சொல்ல எவரும் இருக்கவில்லை. கடல் வற்றினால் ஓட வேண்டும் என்று சொல்லித்தர ஒரு பழங்கதையும் இருக்கவில்லை.

ஜப்பான் எப்போதும் நினைவு வைத்திருந்த நாடு என்று எழுதுவதும் சரியாகாது. இவாத்தே மாவட்டத்தின் அனெயோஷி என்ற சிற்றூரில், 1933 சுனாமிக்குப் பின் நட்ட கல் ஒன்று, இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று எச்சரிக்கின்றது. ஊரார் கேட்டு நடந்தார்கள். 2011 மார்ச் 11ஆம் திகதி அலை அப்பகுதியில் 40 மீற்றர் உயரம்வரை ஏறியும் கல்லுக்குக் கீழேயே நின்றது, வீடுகள் தப்பின. கமாய்ஷி நகரில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி உயிர் பிழைத்தார்கள். அதே நாளில் இஷினோமாக்கியின் ஒகாவா ஆரம்பப் பாடசாலையில், அருகில் குன்று இருந்தும், எங்கே போவது என்று முற்றத்தில் நின்று தாமதித்ததால் 74 பிள்ளைகள் பறிபோனார்கள். நாடு ஒன்றுதான். பழக்கப்படுத்தப்பட்ட நினைவு எங்கிருந்தது, எங்கில்லை என்பதே வேறுபாடு.

இது பணக்கார நாட்டுக்கு மட்டுமே கைகூடும் காரியமா? சுமாத்திராவை அடுத்த சிமெலுவே என்ற தீவு அதற்குப் பதில். அங்கு வாழ்பவர்கள் முஸ்லிம்கள்; பெரும்பாலும் மீனவரும் விவசாயிகளும். 1907இல் அத்தீவைக் கடல் கொண்டது. அதற்கு அவர்கள் ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, நிலம் பலமாக அதிர்ந்து கடல் வற்றினால் உடனே மேட்டுக்கு ஓடு என்ற செய்தியைப் பாட்டாகவும் தாலாட்டாகவும் பாடி வந்தார்கள். 2004இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், 70,000க்கும் அதிகமான மக்களில் அங்கு இறந்தவர்கள் ஏழு பேரளவில்தான். சைரன் கோபுரமும் அணையும் அவர்களிடம் இருக்கவில்லை. பாட்டு இருந்தது.

கத்ரைப் பற்றிய கேள்வி இங்கே எழும். மரணம் விதித்த இடத்தில் விதித்த நேரத்தில் வரும் என்பதில் எமக்கு ஐயமில்லை. நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்ற நன்மாராயத்தை நம்பியே எமது ஊர்கள் அந்நாட்களைக் கடந்தன. ஆனால் ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, வழியிலேயே தம் படையோடு திரும்பிய கலீபா உமர் (ரழி) அவர்களிடம், அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரழி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரழி) பதிலளித்தார்கள். கடலைக் கண்டு மேட்டுக்கு ஓடும் பிள்ளையும் அந்த இரண்டாவது விதிக்கே ஓடுகின்றது.

அரசு தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்தது. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. டிசம்பர் 26 தேசிய பாதுகாப்புத் தினமாகி, காலை 9.25க்கு நாடெங்கும் இரண்டு நிமிட மௌனம் அனுஷ்டிக்கப்படுகின்றது. எமது கரையை அலை அதற்கு முன்பே தொட்டுவிட்டது. கோபே தன் 5.46ஐ வைத்திருப்பது போல் கல்முனைக் கரை தன் சொந்த நேரத்தை வைத்திருக்க வேண்டாமா?

எம்மிடமும் கற்கள் உண்டு; அவை பெயர்களாக இருக்கின்றன. மருதமுனையில் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்று ஒரு குடியிருப்பு. கடலிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்ற கணக்கே ஊர்ப்பெயராகிவிட்டது. சாய்ந்தமருதில் ‘பொலிவேரியன்’ கிராமம். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியால் எழுந்து, வழக்கில் சிக்கிப் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த 500 வீடுகள். இன்னும் ஒரு தலைமுறை போனால் இப்பெயர்கள் ஏன் வந்தன என்று சொல்ல ஆளிருக்காது. அலை வந்தபோது பத்து வயதாயிருந்தவர் இன்று முப்பதைக் கடந்துவிட்டார். அவர் உயிரோடிருக்கும்போதே அவருடைய சாட்சியத்தை வீதி வீதியாக எழுதி வைக்க வேண்டும். தண்ணீர் எட்டிய உயரத்தை ஒவ்வொரு பள்ளிவாசலும் தன் சுவரில் ஒரு கோடாகக் குறிக்கலாம். மேடில்லாத எமது நிலத்தில் பள்ளிவாசல்களின், பாடசாலைகளின் மேல்மாடிகளே மேடு. டிசம்பர் 26ஆம் திகதி பிள்ளைகளைக் கடற்கரையிலிருந்து அந்த மாடிகளுக்கு ஒரு தடவை நடத்திச் செல்லலாம். இதற்குப் பெரிய செலவில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு தனி வேலை உண்டு. சுனாமிக்குப் பின் எமது சஞ்சிகைகளில் வந்த கவிதைகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை அழுதன. அழ வேண்டியும் இருந்தது. ஆனால் வயலில், தொட்டிலடியில், கல்யாண வீட்டில் எமது பெண்கள் பாடிய கவி மரபில் வாழ்க்கைக்குத் தேவையான புத்தியும் இருந்தது. கடல் உள்வாங்கினால் என்ன செய்வது என்று நாலு அடியில் சொல்லும் ஒரு கவியை, ஒரு தாலாட்டை, சிமெலுவேயின் மீனவப் பெண்கள் கட்டியது போல் எமது கரையில் யாராவது கட்டித்தர வேண்டும். அது நல்ல கவிதையா என்று விமர்சகர்கள் பிறகு பேசிக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு மனப்பாடமாக வேண்டும், அதுதான் முக்கியம்.